ஒரே எண், இரண்டு வீடு

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்தபோது ஸ்ரீவத்சன் என் வீட்டு மாடிப்படியில் லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து சுவரோரமாக ஒதுங்கினான். கதவைத் திறந்து, ஃபேனைப் போட்டு, தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடித்த டம்ளரைக் கீழே வைக்காமல், "பழைய ஃபைல் அப்படியே இருக்குக்கா. நான் அதுல கை வைக்கல" என்றான். பிறகு சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து என் பக்கம் திருப்பிவிட்டு, எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தான். அங்கிருந்து அவனுக்குத் திரை தெரியாது.

அது எங்கள் லட்சுமிபதி நகர் நலச்சங்கத்தின் தொலைபேசிப் பட்டியல். முடிச்சூர் ரோட்டிலிருந்து உள்ளே இறங்கினால் ஏழு தெரு. ஏழாவதைத் தாண்டினால் அடையாறு. மழைக்காலத்தில் ஆற்றில் தண்ணீர் ஏறினால் சங்கத்திலிருந்து எல்லோருடைய செல்போனுக்கும் ஒரே நேரத்தில் ஒரு பதிவுசெய்த குரல் போகும். வீட்டைக் காலி செய்துவிட்டால் ஒன்றை அழுத்த வேண்டும், உதவி வேண்டுமென்றால் இரண்டை. ஒன்றை அழுத்தாத வீடுகளைத் தாளில் அச்சடித்து எடுத்துக்கொண்டு படகில் போவார்கள். சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் ஸ்ரீவத்சன்தான், யாரும் கேட்காமலே, தன் சனி ஞாயிறுகளைச் செலவழித்து இந்த ஏற்பாட்டைச் செய்தான். நல்ல ஏற்பாடு. நிறையப் பேரைக் காப்பாற்றியது.

முந்தைய டிசம்பரில் அந்தத் தாளில் என் தம்பி ஜெஃப்ரியின் வீடு இல்லை.

ஜெஃப்ரிக்குக் கூடுவாஞ்சேரியைத் தாண்டி ஒரு குடோனில் நைட் ஷிஃப்ட். காலையில் வந்து போனை அணைத்துவிட்டுத் தூங்குவான். அதனால் யார் எண் கேட்டாலும் என்னுடையதைக் கொடுப்பான். கேஸ் சிலிண்டருக்கு, கூரியருக்கு, பேங்க்குக்கு. "அக்கா நம்பர் போட்டுக்கோங்க சார், அவங்க எப்பவும் எடுப்பாங்க." நான் தாம்பரத்தில் ஒரு பள்ளியின் ஃபீஸ் கவுண்ட்டரில் இருக்கிறேன். எதிரே பெற்றோர் வரிசையில் நிற்க, நான் போனில் அவனுக்கு ஓடிபியைப் படித்துக்கொண்டிருப்பேன். "நான் உனக்கு அக்காவாடா, டெலிபோன் எக்ஸ்சேஞ்சா?" என்று திட்டினால், "ரெண்டும் ஃப்ரீதானே" என்பான். அவன் போன பிறகும் சிலிண்டர் புக்கிங் செய்யச் சொல்லி அவன் பெயருக்கு எனக்குக் குறுஞ்செய்தி வருகிறது. நிறுத்தச் சொல்ல ஒரு வழி இருக்கும். நான் தேடவில்லை.

சங்கத்தின் படிவத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தான். முதல் தெருவில் என் வீட்டுக்கு நேரே என் எண். ஏழாம் தெருவில் அவன் வீட்டுக்கு நேரேயும் என் எண். குரல் அனுப்பும் இணையதளம், ஒரே எண் இரண்டு முறை வந்தால் ஃபைலை ஏற்பதில்லை. அதனால் ஸ்ரீவத்சன் எக்செல்லில் 'ரிமூவ் டூப்ளிகேட்ஸ்' என்ற பொத்தானை அழுத்தினான். அது முதலில் வருவதை வைத்துக்கொண்டு, பின்னால் வருவதை வரிசையோடு எடுத்துவிடும். பெயர், கதவு எண், தெரு, எல்லாவற்றோடும். பட்டியல் தெருவாரியாக இருந்தது.

வெள்ளம் வந்த அன்று காலை டிராக்டர் வந்து எங்கள் தெருக்காரர்களை மெயின் ரோட்டிலிருக்கும் கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோனது. அங்கே இருக்கும்போது அழைப்பு வந்தது. என் வீட்டுக்கு ஒன்றை அழுத்தினேன். ஜெஃப்ரி வீட்டுக்கு இன்னொரு அழைப்பு வரும், அதில் இரண்டை அழுத்த வேண்டும் என்று போனைக் கையிலேயே பிடித்திருந்தேன். அவனுடைய எண் ஸ்விட்ச் ஆஃப். வாசலில் சட்டையில் அட்டை குத்திக்கொண்டு நின்றவரிடம் போய்ச் சொன்னேன். "லிஸ்ட் படிதான் போயிட்டிருக்காங்க மேடம். லிஸ்ட்ல இருந்தா கண்டிப்பா கதவத் தட்டுவாங்க" என்றார். கொஞ்சநேரம் கழித்து மறுபடி போய்ச் சொன்னேன். அதையே மறுபடி சொன்னார். இந்தமுறை உட்காருவதற்கு ஒரு நாற்காலியும் போட்டார். படகு ஏழாம் தெருவுக்குப் போகத்தான் செய்தது. தாளில் இருந்த வீடுகளின் கதவைத் தட்டவும் செய்தது. தண்ணீர் வடிந்து ஆட்கள் தெருவுக்குள் போனபோது ஜெஃப்ரி வீட்டு கிரில் கேட் உள்பக்கம் பூட்டியபடியே இருந்தது. சாவி, கட்டிலுக்கடியில் சேற்றில் கிடந்த பேண்ட் பாக்கெட்டில் இருந்தது.

ஜனவரியில் நடந்த சங்கக் கூட்டத்தில் ஸ்ரீவத்சன் தானாகவே எழுந்து நின்று, எப்படி நடந்தது என்று சொன்னான். பொத்தானின் பெயரைக்கூடச் சொன்னான். செயலாளர் யக்ஞநாராயணன் சார், ரிட்டயர்ட் மத்திய அரசு அதிகாரி, "மெஷின் பண்ணினதுக்கு நீ என்னடா பண்ணுவே, உக்காரு" என்றார். அவன் உட்காரவில்லை. எல்லோரும் திரும்பி, கடைசி வரிசையிலிருந்த என்னைப் பார்த்தார்கள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார்கள். கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பிறகு, ரோஸி அவனை மன்னித்துவிட்டாள் என்று நகரில் பேசிக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்து அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆகஸ்டில், அடுத்த மழைக்குள் பட்டியலைச் சரிசெய்ய ஆள் வேண்டும் என்று சார் வாட்சப்பில் போட்டார். நான் செய்கிறேன் என்று எழுதினேன். இன்னொருவர் அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் போகக்கூடாது. அது தவிர அப்போது மனதில் ஒன்றும் இல்லை.

பள்ளியில் நான் தினமும் பார்ப்பது எக்செல்தான். ஆனாலும் எண்கள் வரிசையாக இறங்கும் அந்தப் பத்தியைப் பார்த்தபோது மலைப்பாக இருந்தது. ஆன்லைன் படிவத்தில் வந்தது, பழைய சந்தா நோட்டிலிருந்து யாரோ டைப் செய்தது, வாட்சப்பிலிருந்து வெட்டி ஒட்டியது எல்லாம் ஒன்றாகக் கொட்டிக் கிடந்தது. சிலவற்றுக்கு முன்னால் பூஜ்யம். சிலவற்றுக்குத் தொண்ணூற்றொன்று. ஐந்து இலக்கத்துக்குப் பிறகு ஒரு இடைவெளி, மூன்றுக்குப் பிறகு ஒரு கோடு. பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில 'ஓ' எழுத்து. ஒரே கட்டத்துக்குள் இரண்டு மூன்று எண்கள், நடுவில் சாய்கோடு. எப்போதோ திருப்பிக் கொடுத்துவிட்ட லேண்ட்லைன்கள். எண் பெரிதாக இருக்கிறதென்று எக்செல்லே சுருக்கி, சேமிக்கும்போது கடைசி இலக்கங்களைப் பூஜ்யமாக்கிவிட்டவை. அவற்றை எந்த ஃபார்முலாவாலும் மீட்க முடியாது, நேரில் போய்த்தான் கேட்க வேண்டும். எண்ணோடு சேர்த்து எழுதியிருந்த சொற்கள் வேறு. 'இது பையன் நம்பர், துபாய், ராத்திரிதான் எடுப்பான்.' 'மாமிக்குக் காது கேக்காது, ரெண்டு தடவை அடிக்கவும்.' 'இதில் வாட்சப் மட்டும்.' 'கீழ் வீட்டு நம்பர், கூப்பிட்டுக் கொடுப்பார்கள்.'

வழக்கமாகச் செய்வது, இலக்கம் அல்லாத எல்லாவற்றையும் உதறிவிட்டு, வலது ஓரத்திலிருந்து பத்து இலக்கத்தை எடுப்பது. ஆறு முதல் ஒன்பதுக்குள் தொடங்கினால் செல்போன், இல்லாவிட்டால் ஒதுக்கிவைக்க வேண்டும். ஸ்ரீவத்சனும் அப்படித்தான் செய்திருந்தான். ஃபார்முலாவில் ஒரு தவறு இல்லை. எண்கள் பளிச்சென்று ஒரே நீளத்தில் நின்றன. ஆனால் அந்த மாமியை எழுப்ப இரண்டு தடவை அடிக்க வேண்டும் என்பது போய்விட்டது. நான் மூலப் பத்தியைத் தொடாமல் விட்டேன். பக்கத்தில் எண்ணுக்கு ஒரு பத்தி, சொற்களுக்கு ஒரு பத்தி, அதற்கும் பக்கத்தில் 'எந்த வீட்டு எண்' என்று ஒரு பத்தி போட்டேன். ஒரே எண் எங்கெல்லாம் வந்ததோ அங்கெல்லாம் மஞ்சள் நிறம் கொடுத்தேன். திரையில் நான் எதிர்பார்த்ததைவிட மஞ்சள் அதிகமாக இருந்தது.

ஒரு மாலை யக்ஞநாராயணன் சார் வந்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு திரைக்கருகே குனிந்தார்.

"ஏம்மா, இத்தனை டூப்ளிகேட்டையும் வச்சிண்டு என்ன பண்றே? சைட் எடுத்துக்காதே."

"டூப்ளிகேட் இல்ல சார். ரெண்டு வீடு."

"நம்பர் ஒண்ணுதானே?"

"நம்பர் ஒண்ணு. வீடு ரெண்டு. சாம்பசிவன் சார் நம்பர்ல மூணு வீடு இருக்கு."

"சாம்பசிவனுக்கு மூணு வீடா! அவன் ஆத்துக்காரிக்குத் தெரியுமோ?" என்று சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "சரி, என்ன பண்ணப்போறே, சொல்லு."

"ஒரு தடவை மட்டும் வர்ற நம்பரை சைட்ல ஏத்திடலாம். மஞ்சளை எல்லாம் நானே போன் பண்ணிக் கேக்கறேன். ஒவ்வொரு வீடா."

"ஒரு ஆளா பண்ண முடியுமாம்மா, அந்த நேரத்துல?"

"பண்றேன் சார்."

அதற்கு முன் மஞ்சளைக் குறைக்க வேண்டியிருந்தது. பள்ளி விட்டு வந்ததும் தெருத் தெருவாகப் போய், ஒவ்வொரு வீட்டிலும் சொந்தமாக ஒரு எண் கேட்டேன். நிறையப் பேர் கொடுத்தார்கள். சிலர், அதான் பக்கத்து வீட்டு எண் இருக்கிறதே, போதாதா என்றார்கள். ஜெஃப்ரி வீட்டுக்கும் போனேன். வீட்டுக்காரர் வெள்ளையடித்து, கிரில்லுக்குப் பச்சைப் பெயின்ட் பூசி, பீகாரிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு விட்டிருந்தார். அந்தப் பெண் கைக்குழந்தையோடு வந்து, நான் கேட்பதற்குள்ளாகவே எண்ணை ஒப்பித்தாள். அதற்குமுன் எத்தனையோ பேர் வந்து கேட்டிருப்பார்கள்போல. நான் உள்ளே பார்க்காமல் எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அந்த வரிசையில் ஜெஃப்ரி என்ற பெயரை எடுத்துவிட்டு அவள் புருஷன் பெயரைப் போட்டேன். என் எண்ணை எடுத்துவிட்டு அவள் எண்ணைப் போட்டேன். மஞ்சள் தானாகவே மறைந்தது. அன்று அதற்குமேல் வேலை செய்யவில்லை.

கன்னியம்மாவின் வீடு அதே தெருவின் கோடியில், ஆற்றங்கரைப் பக்கம், ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் தகரக் கதவுமாக இருந்தது. ஸ்ரீவத்சன் வீட்டில் வேலை செய்கிறவள். அவள் கணவர் சவுரிமுத்து பக்கவாதத்தில் விழுந்து கட்டிலோடு கிடக்கிறார். நான் டீச்சர் இல்லை என்று அவளிடம் பலமுறை சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன்.

"வா டீச்சரம்மா. இன்னா, நம்பர் பொறுக்கிகினு திரியிறியாமே? ஊரே சொல்லிச்சி."

"ஆமா. உங்க போன் நம்பர் சொல்லுங்க."

"என் போனா? அது கீது எங்கியோ. சார்ஜே நிக்கமாட்டேங்குது. அப்பால ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குன்னு ஒரு பொம்பள பேசிக்கினே இருக்கா, நாம பேசறத காதுல வாங்கறாளா அவ? ஒரே பேஜாரு. நம்ம அய்யரு தம்பி நம்பரே போட்டுக்கோ."

"வத்சன் நம்பரா? வேற யாராவது சொந்தக்காரங்க நம்பர் இல்லையா?"

"சொந்தக்காரன் தண்ணி வந்தா வருவானா? தண்ணி வடிஞ்சி சோறு போட்டா வருவான். போன தபா இந்த மனுசன முதுகுல தூக்கிகினு போயி போட்ல போட்டது அந்தப் புள்ளதான்." உள்ளே கட்டிலைப் பார்த்து, "யோவ், கேக்குதா? உனக்காகத்தான் நம்பர் எய்துறாங்க. பெரிய மனுசன் ஆயிட்ட" என்றாள். கட்டிலிலிருந்து ஒரு சிரிப்பு மாதிரி சத்தம் வந்தது.

அவள் வரிசை ஏன் மஞ்சளாக இருந்தது என்பது திரும்பி வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. ஸ்ரீவத்சன் வீடு மூன்றாம் தெருவில். பழைய ஃபைலிலும் கன்னியம்மாவுக்கு அதே எண் என்றால், அவளுடைய வரிசையும் அன்று அழிந்துதான் போயிருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு அவன் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்ததும் கேட்டேன்.

"கன்னியம்மா வீடு அன்னிக்கு உன் பேப்பர்ல இருந்துதா?"

"இல்லக்கா."

"அப்புறம் எப்படிப் போனே?"

"எங்காத்துல வேலை பண்றவங்க. ஞாபகம் இருந்தது. போனேன்."

"நாலு வீடு தள்ளி ஜெஃப்ரி வீடு."

"கிரில் சாத்தியிருந்தது. எல்லாரும் போயிட்டாங்கன்னு நினைச்சேன்." மேசை விரிப்பின் ஓரத்தை மடித்தான், பிரித்தான். "கன்னியம்மா பேரு பேப்பர்ல இல்லன்னு போட்லயே பாத்தேன்க்கா. ஏன் இல்லன்னு அப்ப யோசிச்சிருந்தா…"

அதை முடிக்க நான் உதவவில்லை. இத்தனை மாதமும் ஒரு பொத்தானைத்தான் நான் வெறுத்துக்கொண்டிருந்தேன். பொத்தானுக்கு எங்கள் இருவரையும் தெரியாது, அதனால் அதை வெறுப்பது எளிதாக இருந்தது. இப்போது பொத்தானின் இடத்தில் ஒரு படகு வந்தது. கையில் தாளோடு ஒருவன், அதில் இல்லாத பெயர் ஒன்றை நினைத்துக்கொண்டு, என் தம்பி தூங்கிக்கொண்டிருந்த வீட்டைக் கடந்து போகிறான். அவன் செய்தது நல்ல காரியம். சவுரிமுத்து உயிரோடு இருக்கிறார். ஜெஃப்ரியை யாருக்கும் தெரியாது. இரவில் போய்ப் பகலில் தூங்குகிறவனை எந்தத் தெருவுக்குத் தெரியும்?

அடுப்படிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

"கன்னியம்மா இந்தத் தடவையும் உன் நம்பரைத்தான் கொடுத்திருக்காங்க" என்றேன்.

"வேண்டாம்க்கா." உடனே சொன்னான். "என் நம்பர் யாருக்கும் வேண்டாம். மேடவாக்கத்துல ஃப்ளாட் பாத்திருக்கோம். தை பொறந்ததும் போயிடுவோம். வேற யாராவது போடுங்கோ, சார் நம்பரைப் போடுங்கோ."

"மழை தைக்கு முன்னாடி வரும்."

"என்னால முடியாதுக்கா. போன் அடிச்சாலே கவுத்து வச்சுட்டு எழுந்து போயிடறேன்."

"அவங்க சொன்னத எழுதறதுதான் என் வேலை. நான் மாத்த முடியாது, வத்சன்."

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்ணை மறுபடி அடித்தேன். மூன்றாம் தெருவில் ஒன்று, ஏழாம் தெருவில் ஒன்று, இரண்டும் மஞ்சளாகவே நின்றன. அவனுக்கு ஏதாவது நல்லது செய்கிறேன் என்ற எண்ணம் என்னிடம் இல்லை. தண்டிக்கவும் நினைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

நவம்பர் கடைசியில் புயல் வந்தது. முதல் நாள் மாலையே முன்தெருக்காரர்கள் நிறையப் பேர் கிளம்பிவிட்டார்கள். காலையில் கல்யாண மண்டபத்தில், மணமேடைக்குக் கீழே ஒரு மேசை போட்டு உட்கார்ந்தேன். கரண்ட் இல்லை. பின்பக்கம் ஜெனரேட்டர் ஓடியது. மழை இருட்டில் அந்த விளக்குகள் மட்டும்தான் வெளிச்சம். இணையதளத்தில் ஏற்றிய எண்களுக்குக் குரல் போய்விட்டது. பதில்கள் வர வர, சார் தாளில் வீடுகளை அடித்துக்கொண்டிருந்தார். நான் மஞ்சள் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். "உங்க வீடு காலி பண்ணியாச்சா? சரி. பின் வீட்டு வசந்தா? அவங்க உங்ககூட இருக்காங்களா? போனை அவங்ககிட்ட கொடுங்க." சிலர் எரிந்து விழுந்தார்கள். சாம்பசிவன் சார், மூன்று வீட்டுக்காரர்களையும் ஒருவர் பின் ஒருவராகப் பேசவைத்துவிட்டு, "ரோல் கால் முடிஞ்சுதா?" என்று கேட்டார். அவரவர் குரலைக் கேட்ட பிறகே அவரவர் வரிசையை மூடினேன்.

ஸ்ரீவத்சனின் அம்மாவும் அப்பாவும் எனக்கெதிரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவனைக் காணவில்லை. அவன் எண்ணைப் போட்டேன். நீண்டநேரம் அடித்தது.

"அக்கா." காற்றும் தண்ணீரும் சேர்ந்து கேட்டன.

"உங்க வீடு?"

"ஆச்சு. எல்லாரும் அங்கதான் இருக்கா."

"கன்னியம்மா வீடு?"

"நேத்து சாயங்காலமே போய்க் கூப்பிட்டேன். காலைல வரோம், இருட்டுல இவரத் தூக்கிகினு போவ முடியாதுன்னுட்டாங்க. போட் இன்னும் இந்தப் பக்கம் வரலை. நான் நடந்து வந்துட்டேன்க்கா, ஏழாம் தெருவுக்கு. இடுப்பு வரைக்கும் இருக்கு."

"தனியாவா?"

அவன் அம்மா எழுந்து என் மேசைக்கருகே வந்து நின்றாள்.

"போனை வைக்காதே" என்றேன். "கட் பண்ணாம சட்டைப் பையில வச்சுக்கோ."

"கவர்ல போட்டு வச்சிருக்கேன்."

ஸ்பீக்கரைப் போட்டேன். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தமும் அவன் மூச்சும் கேட்டன. எங்கேயோ ஒரு நாய் விடாமல் குரைத்தது. பக்கத்திலிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு அவர்களுக்குப் பக்கத்திலிருந்தவர்கள். யக்ஞநாராயணன் சார் பேனாவை மூடிவிட்டு அருகே வந்தார். ஓரிடத்தில் தண்ணீர் சத்தம் நின்றது. அவன் நின்றிருக்கிறான், அந்தப் பச்சைக் கிரில்லுக்கு முன்னால் என்று நினைத்தேன். பிறகு மறுபடி நடந்தான்.

தகரத்தை உள்ளங்கையால் அடிக்கும் ஓசை வந்தது.

"கன்னியம்மா!"

மறுபடி அடித்தான். "கன்னியம்மா, நான்தான். கதவத் திறங்க."

காதைப் போனுக்கு மேலே கொண்டுபோனேன். உள்ளேயிருந்து யாரோ ஏதோ சொல்வதுபோல இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. பின்பக்கத்து ஜெனரேட்டரின் இரைச்சலில் எதுவும் பிரியவில்லை. சார் வாசல் பக்கம் திரும்பி, அதை நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினார். யாரோ ஓடுவது கேட்டது. ஜெனரேட்டர் இரண்டுமுறை செருமிவிட்டு நின்றது.

விளக்குகளெல்லாம் அணைந்தன. அந்த இருட்டில் ஒரு குழந்தைகூட அழவில்லை. அத்தனை பேரும் என் கையிலிருந்த சின்ன வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவை அடிக்கும் ஓசை மண்டபம் முழுக்கக் கேட்டது.